நீர்நிழலும் கணினிப் படமும்

தெளிந்த குளத்தின் கரையில் நின்று, எதிர்க்கரை மரங்கள் நீருள்ளே தலைகீழாக நிற்பதைக் கண்டு மகிழாதார் எவருமிலர். காற்று ஓய்ந்த காலைப்பொழுதிலே வானம் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டாகின்றது. பண்டைய ஓவியர் இக்காட்சியைப் பல நாள் முயன்று தூரிகையால் தீட்டினர். இன்றோ கணினியின் முன் அமர்ந்த மாணவன் ஒருவன் கால்மணி நேரத்தில் இதனை ஆக்கிவிடுகின்றான். நீரே இல்லாத இடத்தில் நீரை உண்டாக்கி, அதிலே மரத்தின் நிழலையும் விழச்செய்கின்றான். இஃது எவ்வாறு இயல்கின்றது, எங்கே பிழைபடுகின்றது, எவ்விடத்து இதனைச் செய்தலாகாது என்னும் மூன்றையும் நேயர்களோடு ஆராய விரும்புகின்றேன்.

நான் கலைப்பட்டதாரி, கணினித்துறை கற்றவனல்லன். ஆயினும் இப்பொருளைத் தேடிக் கற்கவேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையின் ஆண்டு மலருக்கு அட்டைப்படம் ஆக்கும் பொறுப்பை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்தோம். அவன் ஊர்க் குளத்தைப் படம்பிடித்து வந்தான். கரையிலே முதிர்ந்த மருதமரம், அதற்கு மேலாக எட்டிப்பார்க்கும் கோயிற் கோபுரம், முன்னே குளம். அவ்வாண்டு மழை பொய்த்தமையால் குளம் வறண்டு வெடித்துக் கிடந்தது. மாணவன் கணினியின் உதவியால் அதனை நீரால் நிரப்பினான். மரமும் கோபுரமும் நீரிலே தலைகீழாகத் தெரியவும் செய்தான். மலர்க்குழுவினர் வியந்தனர். எல்லாரினும் மிகுதியாக வியந்தவன் நானே. படம் அச்சேறியது.

பரிசளிப்பு விழாவன்று, மாணவி ஒருத்தியின் பாட்டனாரான முதிய கமக்காரர் அம்மலரை நெடுநேரம் நோக்கியிருந்துவிட்டு என்னிடம் வந்தார். "அதிபர் ஐயா, படம் வடிவாத்தான் இருக்கு. ஆனால் இந்த வருசம் குளத்திலை தண்ணி எங்கை? சிறுபோகம் விதைக்கேல்லை எண்டு நாங்கள் நிவாரணத்துக்கு எழுதிக் குடுத்திருக்கிறம். உங்கடை புத்தகத்திலை குளம் நிறைஞ்சு கிடக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "அதோடை ஐயா, அந்தக் கரையிலை நிண்டு பாத்தால் கோபுரம் தண்ணிக்குள்ளை தெரியாது. மருதமரம் மறைச்சுப்போடும். நான் ஐம்பது வருசமாய் அந்தக் குளத்திலை குளிக்கிறன்" என்றும் கூறினார்.

அவர் எடுத்துக்காட்டிய குற்றங்கள் இரண்டு. ஒன்று உண்மையைப் பற்றியது. மற்றையது ஒளியின் இயல்பைப் பற்றியது. அவ்விரண்டையும் விளங்கிக்கொள்வதற்கு, கணினிப் படம் என்பது யாதென முதலில் அறிதல் வேண்டும்.

கணினியிலுள்ள படம் உண்மையில் எண்களின் அணிவகுப்பேயாகும். 1957ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமப் பணியகத்திலே ரசல் கேர்ஷ் என்பவரும் அவருடைய குழுவினரும் நிழற்படமொன்றை முதன்முதலாகக் கணினியுள் புகுத்தினர். கேர்ஷின் மூன்று மாதக் குழந்தையின் படம் அது. அதிலே 176 நிரைகளும் 176 நிரல்களும் இருந்தன; ஆகப் புள்ளிகள் 30,976. இத்தகைய புள்ளியைப் பிக்சல் என்பர். இன்று நம் கைத்தொலைபேசி எடுக்கும் படமொன்றில் இப்புள்ளிகள் கோடிக்கு மேலும் இருத்தல் கூடும். சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரையான ஓர் எண் உண்டு. 0 எனின் முழுக்கறுப்பு. 255 எனின் முழுவெண்மை. வண்ணப்படமாயின் சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் அமையும்.

படம் எண்களேயெனக் கண்ட பின்னர், அதனைக் கவிழ்ப்பது மிக எளிது. காலைக்கூட்டத்தில் பிள்ளைகள் நிரை நிரையாக நிற்கின்றனர் எனக் கொள்வோம். ஒவ்வொரு நிரையிலும் இடக்கோடியில் நிற்பவன் வலக்கோடிக்கும், வலக்கோடியில் நிற்பவன் இடக்கோடிக்கும், இடையில் உள்ளோர் அவ்வம்முறையே எதிர் இடங்களுக்கும் மாறுவாராயின் அது இடவலக் கவிழ்ப்பு. நிலைக்கண்ணாடியில் நாம் காணும் பக்க நேர்மாறல் இதுவே. நிரைகளுக்குள் எவரும் அசையாமல், முதல் நிரை கடைசி நிரையின் இடத்துக்கும், கடைசி நிரை முதல் நிரையின் இடத்துக்கும் மாறுமாயின் அது மேல்கீழ்க் கவிழ்ப்பு. நீர்நிழலுக்கு வேண்டியது இதுவாகும். இதனால் எந்த எண்ணும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மீண்டும் ஒருமுறை கவிழ்த்தால் பழைய படம் அப்படியே வந்துவிடும்.

இவ்வேலையைச் செய்யும் மென்பொருள்களுட் பெயர்பெற்றது போட்டோஷொப். தோமஸ் நோல், ஜோன் நோல் என்னும் சகோதரர் இருவர் அதனை ஆக்கினர். அடோபி நிறுவனம் 1990இல் வெளியிட்டது. 1994இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பிலேதான் படலம் என்னும் வசதி புகுந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தகடுகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தகட்டில் வரைந்ததை மற்றொன்றைக் கெடாது அழிக்கலாம், நகர்த்தலாம், மங்கச் செய்யலாம். பணம் கொடுத்து வாங்க இயலாதோர்க்குக் கிம்ப் என்னும் இலவச மென்பொருள் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் மாணவராயிருந்த ஸ்பென்சர் கிம்போல், பீற்றர் மற்றிஸ் ஆகிய இருவர் தொடங்கி 1996இல் வெளிவந்தது அது. இப்பொழுது கூறப்போகும் படிமுறைகள் இவ்விரண்டிற்கும் பொதுவாம்.

முதலாவதாக, நீரும் நிலமும் சந்திக்கும் கோட்டைத் துணிந்துகொள்ள வேண்டும். அக்கோட்டுக்கு மேலுள்ள பகுதியைப் பிரதிசெய்து தனிப்படலம் ஆக்குக. இரண்டாவதாக, அப்படலத்தை மேல்கீழாகக் கவிழ்த்து, அடியோடு அடி பொருந்துமாறு கீழே இறக்குக. மூன்றாவதாக, அப்படலத்தை நீரின் நிறத்தோடு கலக்கச் செய்க. கலத்தல் என்பது கணக்கே. சுவரின் ஒரு புள்ளி 200 என்க. நீரின் புள்ளி 50 என்க. நிழற்படலத்தின் வலிமை நூற்றுக்கு 60 எனின், 200இல் நூற்றுக்கு 60 ஆகிய 120உம், 50இல் எஞ்சிய நூற்றுக்கு 40 ஆகிய 20உம் சேர்ந்து 140 ஆகும். நீரிலே தெரியும் சுவர் உண்மைச் சுவரினும் இருண்டு தோன்றுவது இதனாலேயே.

நான்காவது படி, அந்நிழல் பார்ப்போன் பக்கம் வரவரத் தேய்ந்து மறையுமாறு செய்தல். இதற்கு மறைப்பு எனும் உத்தி பயன்படுகின்றது. கறுப்பிலிருந்து வெண்மைக்குப் படிப்படியாக மாறும் சாயலொன்றைப் படலத்தின்மேல் இட்டால், வெண்மையுள்ள இடத்தில் நிழல் தெளிவாகவும் கருமையுள்ள இடத்தில் மறைந்தும் காணப்படும். இதனை வெறும் அழகுக்காகச் செய்வதாகப் பலர் நினைக்கின்றனர், அங்ஙனமன்று. நீர்ப்பரப்பைச் செங்குத்தாக மேலிருந்து நோக்குங்கால், விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்கு மாத்திரமே தெறிக்கின்றது. எஞ்சியது நீருள் புகுகின்றது. ஆதலாற்றான் நம் காலடியில் உள்ள நீரிலே அடியிலுள்ள கல்லும் மணலும் தெரிகின்றன. நீர்ப்பரப்போடு 10 பாகைச் சரிவில் நோக்கினால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தெறிக்கும். சரிவு இன்னும் குறையக் குறையத் தெறிப்பு முழுமையை அணுகும். இதனைக் கணித்தறியும் வழியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் வகுத்தார். எனவே தூரத்து நீர் கண்ணாடியாகவும் அண்மை நீர் பலகணியாகவும் இருப்பது இயற்கை. மறைப்பின் சாயல் அவ்வியற்கையைப் பின்பற்ற வேண்டும்.

ஐந்தாவது, சிற்றலை. அசையா நீர் அரிது. இலேசான அலையேனும் இல்லாவிடின் படம் உயிரற்றுத் தோன்றும். இதற்கென இடப்பெயர்வு எனும் வசதி உண்டு. அலைபோன்ற கோடுகள் அமைந்த சாம்பல் நிறப் படமொன்றை வழிகாட்டியாகக் கொடுத்தால், அதன் நடுச்சாம்பலாகிய 128 உள்ள இடத்திற் புள்ளிகள் அசையாமல் நிற்கும். அதனினும் வெளிறிய இடத்தில் ஒரு பக்கமும், இருண்ட இடத்தில் எதிர்ப்பக்கமும் நகரும். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று: அண்மையிலுள்ள அலைகள் அகன்றும் தூரத்தவை நெருங்கியும் இருத்தல் வேண்டும். எங்கும் ஒரே அளவான அலையை இட்டால், குளம் கிடையாகக் கிடவாமல் சுவர்போல நிமிர்ந்து நிற்பதாகத் தோன்றும்.

இவ்வளவையும் எங்கள் மாணவன் செவ்வனே செய்திருந்தான். ஆயினும் முதியவர் பிழை கண்டார். அப்பிழை யாது?

ஆடியின் முதல் விதியை நாம் எல்லாரும் பள்ளியிற் படித்தோம். தளவாடியின் முன்னே பொருள் எவ்வளவு தூரத்தில் உள்ளதோ, விம்பம் ஆடிக்குப் பின்னே அவ்வளவு தூரத்தில் உள்ளது. இதனையே மறுவழியாகவும் கூறலாம். நீரிலே நாம் காணும் காட்சி, நம் கண் நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அவ்வளவு ஆழத்தில் நீருக்குக் கீழே மற்றொரு கண் இருந்து நோக்கினால் என்ன தெரியுமோ, அதன் கவிழ்ப்பேயாகும். நாம் மேலிருந்து கண்ட காட்சியின் கவிழ்ப்பு அன்று அது. பாலமொன்றின் நீர்நிழலை நோக்கினால், மேலே நமக்குத் தெரியாத அதன் அடிப்பாகம் நீரிலே தெரிவது இக்காரணத்தாலேயே.

எங்கள் குளத்துக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். கணக்கு எளிதாதற்பொருட்டு முழு எண்களைக் கொள்கின்றேன். கமராவின் கண் நீர்மட்டத்துக்கு மேல் 2 மீற்றர். நீரோரத்து மருதமரம் 40 மீற்றர் தூரத்தில், 12 மீற்றர் உயரம். அதன் நேர்பின்னே கோபுரம் 100 மீற்றர் தூரத்தில், நீர்மட்டத்திலிருந்து 30 மீற்றர் உயரம். மேலிருக்கும் கண்ணுக்கு மரத்தின் உச்சி 10 மீற்றர் உயர்ந்துள்ளது. அதனை 40ஆல் வகுக்க 0.25. கோபுர உச்சி 28 மீற்றர் உயர்ந்துள்ளது. அதனை 100ஆல் வகுக்க 0.28. கோபுரத்தின் எண் பெரிது. ஆதலால் கோபுரம் மரத்துக்கு மேலே எட்டிப்பார்க்கின்றது. இனி நீருக்குக் கீழுள்ள கண்ணை எடுத்துக்கொள்வோம். அதற்கு மர உச்சி 14 மீற்றர் உயர்ந்தது. 40ஆல் வகுக்க 0.35. கோபுர உச்சி 32 மீற்றர் உயர்ந்தது. 100ஆல் வகுக்க 0.32. இப்பொழுது மரத்தின் எண்ணே பெரிது. கோபுரம் மரத்தின் பின்னே மறைந்துபோயிற்று! கணக்குத் தெரியாத முதியவர் கண்ணாற் கண்டறிந்ததை, கணினி கற்ற மாணவனும் பட்டம் பெற்ற அதிபரும் காணத் தவறினோம்.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறை விதி இது: எல்லாவற்றையும் ஒரே கோட்டில் மடித்துக் கவிழ்த்தலாகாது. நீரோரத்துப் பொருளை அதன் அடியிலேயே கவிழ்க்கலாம். பின்னே விலகி நிற்பவற்றைத் தனித்தனிப் படலங்களாக வெட்டியெடுத்து, ஒவ்வொன்றையும், நீர்மட்டம் அப்பொருள் வரை நீண்டிருப்பின் எவ்விடத்தில் அதன் அடி அமையுமோ, அவ்விடத்திற் கவிழ்த்து, மறைய வேண்டியதை மறையவிடல் வேண்டும்.

அறையினுள் உள்ள நிலைக்கண்ணாடிக்கும் இவ்விதியே. கண்ணாடியை நோக்கி நிற்கும் பெண்ணொருத்தியின் முதுகுப்புறத்தை நாம் காண்கின்றோம். கண்ணாடியிலோ அவளுடைய முகம் தெரியவேண்டும். முதுகின் படத்தை எத்தனைமுறை கவிழ்த்தாலும் முகம் வாராது. இரண்டாவது படமொன்று வேண்டும். கமரா கண்ணாடிக்கு முன்னே 3 மீற்றரில் நின்றதாயின், கண்ணாடியை அகற்றிவிட்டு, அது நின்ற இடத்துக்குப் பின்னே 3 மீற்றரிலிருந்து அவளைப் படம்பிடித்து, அதனை இடவலமாகக் கவிழ்த்துச் சட்டத்துள் பொருத்துதல் வேண்டும். பெரும் ஓவியரும் இவ்விடயத்தில் நம்மை மயக்கியுள்ளனர். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்குவெஸ் தீட்டிய வீனஸ் ஓவியம் இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. அதிலே வீனஸ் கண்ணாடியில் தன் முகம் பார்ப்பதாக நாம் கருதுகின்றோம். அவள் முகம் நமக்குத் தெரிகின்றதெனின், அவளுக்கு அக்கண்ணாடியில் நம் முகமன்றோ தெரியும்!

ஒரு படத்தின் பாதியை மட்டும் எடுத்து, அதனைக் கவிழ்த்து மறுபாதியாக ஒட்டும் விளையாட்டும் உண்டு. பூவேலைக்கும் துணியச்சுக்கும் அது பெரிதும் உதவும். ஸ்கொட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்ரர் 1816இல் கண்டுபிடித்த கலைடொஸ்கோப் என்னும் குழாய், ஆடிகளைக் கொண்டு இதனையே செய்தது. மனித முகத்தின் இடப்பாதியை இரட்டித்து ஒரு முகமும், வலப்பாதியை இரட்டித்து ஒரு முகமும் ஆக்கிப் பாருங்கள்; இருவேறு மனிதர் தோன்றுவர். நம் முகம் முற்றும் ஒத்த இருபாதிகளால் ஆனதன்று. 1977இல் அமெரிக்காவில் நிகழ்ந்த ஆய்வொன்றில், பெண்கள் தம் முகத்தின் கவிழ்த்த படத்தை விரும்பினர்; அவர்தம் நெருங்கியோரோ கவிழ்க்காத படத்தையே விரும்பினர். நாம் நம்மை ஆடியிலேயே கண்டு பழகியவர்கள்; பிறர் நம்மை நேரிலே கண்டு பழகியவர்கள்.

கவிழ்த்தலில் எச்சரிக்கையும் வேண்டும். எழுத்துக்கள் உடனே காட்டிக்கொடுக்கும். 'ப' என்னும் எழுத்து இடவலம் மாறினும் பெரிதும் மாறாது தோன்றும். 'ட' எதிர்ப்பக்கம் நோக்கும். நோயாளர் காவு வண்டிகள் சிலவற்றின் முகப்பில் எழுத்துக்களை வேண்டுமென்றே கவிழ்த்து எழுதுவர், முன்செல்லும் சாரதி தன் ஆடியில் நேராக வாசித்தற்பொருட்டு. கைக்கடிகாரம், சட்டைப் பொத்தான், எழுதும் கை யாவும் இடம் மாறிவிடும். மார்பின் கதிர்ப்படம் தவறிக் கவிழ்ந்தால் இதயமே வலப்பக்கம் சென்றுவிடும். ஆதலாலேயே அப்படங்களில் இடம், வலம் எனக் குறியிடுகின்றனர்.

இனி, முதியவர் கூறிய முதற்குற்றத்துக்கு வருவோம். ஒளியின் விதிக்கு இணங்கக் குறைவற ஆக்கிய படமும் பொய்யாகலாம். 1982 பெப்ரவரியில் வெளிவந்த நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் அட்டையிலே எகிப்தின் கீசாப் பிரமிட்டுகள் இடம்பெற்றன. அகலமான படத்தை உயரமான அட்டைக்குள் அடக்குதற்பொருட்டு, ஒரு பிரமிட்டைக் கணினியால் மற்றொன்றுக்கு அருகே நகர்த்திவிட்டனர். அச்செயல் வெளிப்பட்டபோது பெருங் கண்டனம் எழுந்தது. நகர்த்திய தூரம் சிறிது. இழந்த நம்பிக்கை பெரிது. இந்நாளிற் பெரும் செய்தி நிறுவனங்கள், செய்திப்படத்தில் எதனையும் சேர்த்தலும் நீக்கலும் ஆகாதென விதி வகுத்துள்ளன.

நாங்கள் செய்ததும் அத்தகையதே. எங்கள் மலரின் படத்தைக் காட்டி எவரும் அந்தக் கமக்காரருக்கு நிவாரணத்தை மறுத்தனர் என்று நான் கூற வரவில்லை. ஆயினும் அவருடைய அச்சம் நியாயமானது. பாடசாலை மலர் ஊரின் பதிவேடு. இருபது ஆண்டுகளின் பின் ஒருவர் அதனைப் புரட்டி, "அவ்வாண்டு குளம் நிறைந்திருந்ததே" என்று சொல்வாராயின், விதைக்காத வயலும் விற்ற மாடும் இல்லாத செய்திகளாகிவிடும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுவதில்லை என்பர். இங்கோ நாங்கள் கண்ணாடியைக் கொண்டு புண்ணையே மறைத்துவிட்டோம்.

மறுநாள் அம்மாணவனை அழைத்தேன். குற்றம் அவனுடையதன்று, அவன் செய்ததைக் கண்டு வியந்து ஒப்பமிட்டவன் நான் என்பதை முதலிற் கூறினேன். எஞ்சியிருந்த பிரதிகளில், "அட்டைப்படம் கற்பனை, இவ்வாண்டு குளம் வறண்டிருந்தது" என அச்சிட்ட துண்டொன்றை ஒட்டினோம். கொடுத்துவிட்ட பிரதிகளின் பொருட்டு அச்செய்தியை அறிவிப்புப் பலகையிலும் இட்டோம். மாணவன் முதியவரின் வீட்டுக்குச் சென்று, அவரையே அழைத்துக்கொண்டு குளத்துக்குப் போனான். வெடித்த நிலத்தின் நடுவே அவர் நிற்க எடுத்த படம் அடுத்த மலரின் முதற்பக்கத்தில் வந்தது. அதில் எந்தப் படலமும் இல்லை. எந்தக் கவிழ்ப்பும் இல்லை.

அவன் அக்கலையைக் கைவிடவுமில்லை. பின்னொரு மாரியிற் குளம் நிறைந்தபோது அதே இடத்தில் நின்று உண்மை நீர்நிழலைப் படம்பிடித்து, தான் முன்னர் ஆக்கியதோடு ஒப்பிட்டுப் பார்த்தான். மருதமரம் நீரிலே நின்றது, கோபுரம் தெரியவில்லை. அவ்விரு படங்களும் இன்றும் எங்கள் சித்திர வகுப்பறைச் சுவரில் அருகருகே தொங்குகின்றன. புதிய மாணவர் வரும்போது, இவற்றுள் எது மெய் என்று கேட்பது எங்கள் வழக்கம்.

நேயர்களே, கதைக்குச் சித்திரம் வரைவோரும், விளம்பரம் ஆக்குவோரும், வாழ்த்து மடல் செய்வோரும் இக்கலையைத் தாராளமாகக் கைக்கொள்ளலாம். அங்கே காண்போர் அது கற்பனையென அறிவர். நடந்ததற்குச் சான்றாக ஒரு படத்தை முன்வைக்கும்போது மட்டும், இல்லாத நீரை அதிலே ஊற்றாதிருப்போமாக. உங்கள் பிள்ளைகள் கணினியில் நீர்நிழல் ஆக்க முற்படுவாராயின், முதலில் அவர்களை ஒரு குளக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நின்று பார்க்கட்டும், குனிந்தும் பார்க்கட்டும். கண் தாழத் தாழ நீரினுள்ளே எது மறைகின்றது, எது வெளிப்படுகின்றது என அவர்களே கண்டுகொள்வர்.